இரண்டு புள்ளி வைத்தால் தூக்கம்

ஓஸ்வால்டுக்கு வாழ்க்கையில் இரண்டே கொள்கைகள். தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கண்ணைத் திறந்து வைக்கக் கூடாது. அறுபத்தெட்டு வயது வரை இரண்டையும் கட்டிக் காத்தார். கொள்கைகளும் அவரைக் கைவிடவில்லை. ஒன்று வயிறாக முன்னால் நடந்தது. இன்னொன்று கண்ணுக்குக் கீழே பையாகத் தொங்கியது.

பொம்மசந்திராவில் ஒரு பேரிங் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர் அவர். காலை, மாலை, ராத்திரி என்று வாரத்துக்கு ஒரு தடவை அவருடைய தூக்கத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. ரிட்டயர் ஆன அன்று ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், அன்று மத்தியானம் படுத்தார். அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். இரண்டு மணிக்குச் சாய்ந்தால் ஐந்து மணிக்குத்தான் உலகம் மறுபடி ஆரம்பமாகும்.

பகலில் அவ்வளவு தூங்கியவருக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்? வராது. ஒரு மணிவரை அவர் கண்ணும் ஃப்ரிட்ஜும் மாறி மாறித் திறக்கும். கால் துண்டு கேக், ஆறிப்போன கட்லெட், கிண்ணத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாயசம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே லைட் எரியும். படுக்கையறையில் கேரலுக்குக் கண் எரியும்.

கேரல் அவர் மனைவி. அறுபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் பிறந்து, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி லிங்கராஜபுரத்துக்கு வந்தவள். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். அவளுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான், கன்னடம். 'கன்னட பரல்லா' என்று அதை மட்டும் கன்னடத்திலேயே சொல்லிவிடுவாள். ஓஸ்வால்ட் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆகவே கேரலுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே முப்பத்தெட்டு வருஷமாக அவர்தான் நின்றுகொண்டிருந்தார். கரென்ட் ஆபீஸ், தண்ணீர் பில், கேஸ், கார்ப்பரேஷன், எல்லாவற்றுக்கும் அவர்தான் போனார். அவர்தான் பேசினார். திரும்பி வந்து அவர்தான் மொழிபெயர்த்தார். தனக்குப் பிடிக்காத வாக்கியங்கள் மொழிபெயர்ப்பில் வழியிலேயே உதிர்ந்துவிடுவதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. பின்வீட்டு அம்மா ஒருநாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, 'உங்க வீட்டுக்காரர் மத்தியானம் விடுற குறட்டையில எங்க குழந்தை தூக்கிப் போட்டு அழுது' என்று கன்னடத்தில் முறையிட்டபோது, "நம்ம வீட்டு ஜெபம் அவங்க குழந்தைக்குக்கூட மனசுல படுதாம்" என்று கேரலிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

இப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்.

பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் மெடிக்கல் கேம்ப் வைத்திருந்தார்கள். டாக்டர் ஓர் இளம்பெண், தும்கூர்ப் பக்கம். தமிழ் தெரியாது. பச்சைத் திரைக்குப் பின்னால் எடை மெஷின். ஓஸ்வால்ட் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினார். மெஷின் அதை மதிக்கவில்லை. எண்பத்தொன்பது என்றது. திரைக்கு வெளியே கேரல் அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு நின்றாள்.

"மத்யான்ன மலக்தீரா, அங்கிள்?" மத்தியானம் படுப்பீர்களா என்று கேள்வி.

"சொல்ப," என்றார் ஓஸ்வால்ட். மூன்று மணி நேரம் கன்னடத்தில் சுருங்கி 'கொஞ்சம்' ஆனது.

"ராத்ரி நித்தெ?"

"நித்தெ பரல்லா, டாக்டர்." ராத்திரி தூக்கம் வருவதில்லை. அது உண்மை.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். வயதான காலத்தில் தூக்கம் இடம் மாறி உட்காரக் கூடாது. பகலில் மணிக்கணக்கில் படுத்தால் ராத்திரி தூக்கம் வராது. தூக்கம் வராதவருக்குப் பசி வரும். அந்த நேரத்துப் பசி கீரையைத் தேடிப் போகாது. எடை ஏறும். எடை ஏறினால் மூச்சு முட்டும், மறுபடி தூக்கம் கெடும். ஓஸ்வால்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டும் வேகத்தைப் பார்த்து இவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தை மட்டும் உரக்கச் சொன்னார்.

"தூக ஜாஸ்தி ஆகிதெ, அங்கிள்! கம்மி மாட்லே பேகு!"

பச்சைத் திரை துணிதானே. வாக்கியம் அதைத் தாண்டி நேராகக் கேரலின் காதுக்குப் போனது.

கன்னடத்தில் 'தூக' என்றால் எடை. எடை அதிகமாகிவிட்டது, குறைத்தே ஆக வேண்டும் என்பதுதான் டாக்டரம்மா சொன்னது. ஆனால் தமிழ்க் காதில் அது விழும் விதமே வேறு. நடுவில் ஒரு 'க்', கடைசியில் ஒரு 'ம்'. இரண்டே இரண்டு புள்ளி வைத்தால் போதும், எடை தூக்கமாகிவிடும்.

ஹாலுக்கு வெளியே டீயும் பன்னும் இலவசம். ஓஸ்வால்ட் இரண்டாவது பன்னில் இருந்தபோது கேரல் ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நார்மலாம். வயசுக்கேத்த உடம்பாம்."

"கோயில் வாசல்ல நின்னுகிட்டுப் பொய் சொல்லாதீங்க."

"சும்னே சந்தேகப்படாதே கேரல். உனக்குத்தான் கன்னடம் வராதே."

"இதுக்கு எதுக்குங்க கன்னடம்? 'தூக்க ஜாஸ்தி, கம்மி பண்ணு'ன்னு அந்தப் பொண்ணு கத்துனது ஹால் பூரா கேட்டுச்சே! ஒன்பது வருஷமா நான் தமிழ்ல சொன்னதை அவங்க கன்னடத்துல சொல்லியிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?"

ஓஸ்வால்டின் வாயில் பன் நின்றது.

திருத்த வேண்டியது மொழிபெயர்ப்பாளரின் கடமை. 'அது தூக்கம் இல்லை, எடை' என்று ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானத் தூக்கம் தப்பிவிடும். ஆனால் சோறு போய்விடும். நாளையிலிருந்து கோதுமை ரவை. ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி வறுவல் இருந்த இடத்தில் வெள்ளரிக்காய். ஓஸ்வால்ட் ஒரு வாய் டீ குடித்து யோசித்தார். சோறு கேரல் கையால் மட்டும்தான் கிடைக்கும். தூக்கம் அப்படியா? பெஞ்சு இருக்கிற இடமெல்லாம் தூக்கம் இருக்கிறது.

"ஆமா கேரல்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "தூக்கம்தான். ஜாஸ்தியாம்."

"பாத்தீங்களா! மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

"மூணு மாசம் கழிச்சு."

"சரி. மூணு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு அதே வாயால சொல்ற வரைக்கும் மத்தியானத் தூக்கம் கிடையாது."

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு ஓஸ்வால்ட் படுக்கையறைக்குப் போனார், சும்மா பார்த்துவிட்டு வர. கட்டில்மேல் பதினாறு பிளவுஸ் துணி விரிந்து கிடந்தது.

"பாத்துங்க, குண்டூசி குத்தி வெச்சிருக்கேன்," என்று ஹாலிலிருந்து குரல்.

நாற்காலியில் சாய்ந்தார். தலை சாயும் நொடியில் தையல் மெஷின் தடதடவென்று ஓடியது. நிமிர்ந்தார், நின்றது. சாய்ந்தார், ஓடியது. மெஷினுக்கும் தன் கழுத்துக்கும் நடுவில் கேரல் ஏதோ நூல் கட்டியிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை மேட்சிங் நூல் வாங்கி வரக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

"இது என்ன கலர்?"

"நீ சொன்ன கலர்தான். நீலம்."

"நான் சொன்னது மயில்கழுத்து."

"மயிலுக்குக் கழுத்து நீலமாத்தானே இருக்கு?"

"நீங்க மயிலைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

ஓஸ்வால்ட் நிஜமாகவே யோசித்தார். "நம்ம பையன் டேரில் சின்னவனா இருந்தப்போ. பன்னேர்கட்டா ஜூவுல."

"அது தூரத்துல நின்னுருக்கும். போய் மாத்திட்டு வாங்க. திரும்பி வர்றப்ப நடந்தே வாங்க. பஸ்ல உக்காந்தா தூங்கிருவீங்க."

எதிரிகள் சில சமயம் நமக்கு வழியும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பஸ்! ஓஸ்வால்டுக்கு ஏன் இது தோன்றவில்லை?

புதன்கிழமை நூல் பையை மடக்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அத்திபெலே போகிற ஏ.சி. பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம். குளிர்ந்த காற்று. ஹொசூர் ரோட்டின் டிராஃபிக்கில் பஸ் தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. சில்க் போர்டு வருவதற்குள் ஓஸ்வால்ட் இந்த உலகத்தில் இல்லை.

"ஸார், அத்திபெலே. எழுந்திருங்க. இதுக்கு மேல போனா தமிழ்நாடு."

கண்டக்டர் பெயர் முனிகிருஷ்ணன். ஆனேக்கல்காரர், பேச்சு தமிழ். "இங்க யாரைப் பாக்க வந்தீங்க ஸார்?"

"யாரையும் இல்ல. திரும்பிப் போகணும்."

"எப்போ?"

"நீங்க எப்போ போறீங்களோ அப்போ."

முனிகிருஷ்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். வியாழன், வெள்ளி, சனி, ஓஸ்வால்ட் அதே ஸீட்டில் அதே பக்கம் தலை சாய்த்துப் போய்த் தூங்கி, தூங்கித் திரும்பி வந்தார். ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு நேரம் தவறாமல் அவர் எங்கேயும் போனதில்லை. திங்கட்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது கேரல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நூல் எங்க?"

"கடை மூடியிருந்துச்சு."

"எந்தக் கடை? அத்திபெலேல இருக்கிற கடையா?"

ஓஸ்வால்ட் உட்கார்ந்துவிட்டார்.

"முனிகிருஷ்ணனாம். கண்டக்டராம். நீங்க தூங்குறப்ப உங்க போனை எடுத்து எனக்குப் பேசுறாரு. 'அம்மா, வீட்டுல என்ன சண்டையா வேணா இருக்கட்டும், வயசானவரை வெளிய துரத்தாதீங்கம்மா. அஞ்சு நாளா போக்கிடமில்லாம என் பஸ்லயே போய் என் பஸ்லயே வர்றாரு, பாக்கவே முடியல'ன்னு அழாத குறையா சொல்றாரு. என் மானம் தமிழ்நாடு பார்டர் வரைக்கும் போயிருச்சுங்க!"

"நான் சொல்றதைக் கேளு கேரல்..."

"நான் என்ன கேக்குறது? 'ஒரு வேளை சோறாவது போடுங்க'ன்னு சொன்னாரு. உங்களைப் பாத்து எந்தக் கண்ணால அந்த மனுசனுக்கு அப்படித் தோணுச்சு?"

பஸ் முடிந்தது. அடுத்து கோயிலுக்குப் போய் நற்கருணைக்கு முன்னால் கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டாவது நாளே அவருடைய பக்தி பங்குச்சாமியாரின் காதுக்கு எட்டி, மூன்றாவது நாள் மூன்று மணி ஜெபமாலையை முன்னின்று சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மாலையில் ஐம்பத்துமூன்று மணி. ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். அங்கேயும் தூக்கம் போயிற்று.

இரண்டு வாரத்தில் ஓஸ்வால்ட் ஒரு மாதிரி ஆகிவிட்டார். எட்டரை மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் எங்கேயோ தலை தொங்கிப்போவார். எழுப்பினால் காலை ஆறு மணி. அவர் தியாகம் செய்து காப்பாற்றிய சோறு, பாதி தட்டிலேயே நின்றது. பக்கத்து வீட்டு க்ளென்னிடம் போய் மனதைத் திறந்தார்.

க்ளென் ரிட்டயர்டு ரயில்வே கார்டு. தனிக்கட்டை. பைப் பற்ற வைப்பதிலேயே பாதி நாளைக் கழிப்பவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பைப்பை எடுத்தார்.

"என்னா மேன், சின்ன விஷயத்தைப் பெரிசு பண்றே. உன் ஒய்ஃபுக்கு 'தூக'ன்னா தூக்கம். அப்டித்தானே?"

"அப்டித்தான்."

"டாக்டர் 'தூக ஜாஸ்தி'ன்னாங்க. உன் ஒய்ஃப் தூக்கம் ஜாஸ்தின்னு நினைச்சாங்க."

"அதான் சொல்றேனே!"

"அப்போ அடுத்த கேம்ப்ல டாக்டர் 'தூக கம்மி ஆகிதெ'ன்னு சொன்னா, உன் ஒய்ஃப் காதுல என்னா விழும்?"

ஓஸ்வால்ட் மெல்ல எழுந்து நின்றார். "தூக்கம் கம்மியாயிடுச்சு..."

"கம்மியானா என்னா செய்யணும்?"

"கூட்டணும்! க்ளென், மத்தியானத் தூக்கம் முழுசா திரும்பி வந்துடும்!"

"யெஸ் மேன். அதுக்கோசரம் உன் வெயிட் மட்டும் கொஞ்சம் குறையணும்," என்று க்ளென் புகையை விட்டார்.

அன்று ஓஸ்வால்ட் எடுத்த சபதம் சாதாரணமானது அல்ல. தூக்கத்துக்காகச் சோற்றைத் துறக்கப்போகிறார். யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாகக் கேரலுக்கு. எடையைக் குறைக்கிறார் என்று தெரிந்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் 'தூக' வெளியே வந்துவிடும்.

"இன்னும் ஒரு கரண்டி சோறு?"

"வேணாம்."

"என்னங்க, குழம்புல உப்பா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"நேத்தும் வயித்தைச் சொன்னீங்க."

"நேத்து வலது பக்கம். இன்னிக்கு இடது பக்கம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பன்றிக்கறி வறுவலும் வந்தது. மிளகு, பூண்டு, வினிகர், ஓரத்தில் மொறுமொறுவென்று கொழுப்பு. கேரல் கிண்ணத்தை அவர் மூக்குக்கு நேராக வைத்தாள். ஓஸ்வால்ட் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார். இரண்டே துண்டை எடுத்துக்கொண்டு கிண்ணத்தைத் தள்ளினார்.

"போதும் கேரல்."

கேரல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. முந்தானை வாய்க்குப் போனது. ஓஸ்வால்டின் நெஞ்சு உருகியது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் சமையலை அவர் தள்ளியது இதுவே முதல் தடவை, அழாமல் என்ன செய்வாள்? எழுந்துபோய் இன்னும் நாலு துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கைகூட நீண்டது. கூடாது என்று இழுத்துக்கொண்டார். பெரிய காரியத்தில் இறங்கியவன் வீட்டுக் கண்ணீரைப் பார்க்கக் கூடாது.

நூல் வாங்க இப்போது அவரே கேட்டுக்கொண்டு போனார். போக நடை, வர நடை. ஒன்பதரைக்கு விழுந்தால் ஆறு மணி. நடுவில் எழுந்திருப்பதே இல்லை. எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது. தெருமுனையில் ஜெயராமனின் பழைய பேப்பர் கடை இருந்தது. பெரிய தராசு. வாரம் ஒருமுறை ஓஸ்வால்ட் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதில் ஏறி நின்றார்.

"எண்பத்துமூணு ஸார்," என்றான் ஜெயராமன். "எதுல போடட்டும்? இரும்பா, பிளாஸ்டிக்கா?"

"வெயிட்டை மட்டும் சொல்லுப்பா."

"சொன்னேனே ஸார், எண்பத்துமூணு. என் தராசு பொய் சொல்லாது."

"சொல்லும். முப்பது வருஷமா இதுல பேப்பர் போடுறேன். எந்தப் பக்கமா சொல்லும்னு எனக்குத் தெரியும். மூணு கூட்டிக்கோ."

ஜெயராமன் மறுக்கவில்லை. அடுத்த வாரம் எண்பத்திரண்டு. மூன்று கூட்டினால் எண்பத்தைந்து. அதற்கப்புறம் எண்பத்துநாலு. ஓஸ்வால்ட் காலண்டரில் அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிறும் வந்தது. அதே ஹால், அதே பச்சைத் திரை, அதே டாக்டரம்மா. இந்தத் தடவை ஓஸ்வால்ட் மூச்சை இழுத்துப் பிடிக்காமல், ராஜா மாதிரி மெஷினில் ஏறினார். எண்பத்திரண்டு.

"சூப்பர், அங்கிள்! தூக கம்மி ஆகிதெ!"

ஓஸ்வால்டுக்கு அந்த வாக்கியம் பாட்டாகக் கேட்டது. ஆனால் சத்தம் போதவில்லை. காதில் கையைக் குவித்துக்கொண்டார். "சொல்ப ஜோராகி ஹேளி, டாக்டர்." கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

"தூக கம்மி ஆகிதெ, அங்கிள்!" ஹாலில் பன் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் திரையை விலக்கினார். கேரல் நின்றுகொண்டிருந்தாள், கையில் கண்ணாடி, செருப்பு.

"கேட்டியா கேரல்?"

"கேட்டேன். என்னவாம்?"

"தூக்கம் கம்மி ஆயிடுச்சாம். ரொம்பக் கம்மியாம். இப்படியே விட்டா ஆபத்தாம். மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் கட்டாயம் தூங்கணுமாம்."

"அவ்வளவையும் மூணு வார்த்தையில சொல்லிட்டாங்களா?"

"கன்னடம் சுருக்கமான பாஷை."

கேரல் தலையசைத்தாள். செருப்பைக் கீழே வைத்தாள். கேம்ப் சீட்டில் எழுதியிருந்த இரண்டு எடையையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"ஏழு கேஜி கம்மி ஆகிதெ. இன்னூ எஷ்டு கேஜி கம்மி மாட்பேகு, டாக்டரே?"

ஏழு கிலோ குறைந்துவிட்டது, இன்னும் எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்கிறாள். தடங்கல் இல்லை, திக்கல் இல்லை. தும்கூரிலேயே பிறந்தவள் மாதிரிக் கேட்கிறாள்.

"இன்னூ மூரு கேஜி அஷ்டே, ஆன்ட்டி," என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே. இன்னும் மூன்று கிலோதானாம்.

ஓஸ்வால்ட் திரையைப் பிடித்துக்கொண்டார். "கேரல்... உனக்குக் கன்னடம்..."

"பிளவுஸ் தைக்க வர்றவங்க எல்லாம் திண்டுக்கல்லேருந்தா பஸ் ஏறி வர்றாங்க?"

"அப்போ முப்பத்தெட்டு வருஷமா ஏன் வராதுன்னே?"

"வரும்னு சொல்லியிருந்தா கரென்ட் ஆபீஸ் க்யூவுல யார் போய் நின்னுருப்பா?"

ஓஸ்வால்ட் வேறு பக்கத்திலிருந்து வந்தார்.

"அப்போ 'தூக'ன்னா வெயிட்டுன்னு அன்னிக்கே தெரியுமா? தெரிஞ்சேவா தூக்கம்னு பிடிச்சே?"

"வெயிட்டைக் குறைங்கன்னு நான் சொன்னா நீங்க குறைப்பீங்களா? பட்டினி போடுறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, ராத்திரியில எழுந்து முழுச் சட்டியையும் காலி பண்ணுவீங்க. பகல் தூக்கத்தை நிறுத்தினா ராத்திரி எழுந்திருக்க மாட்டீங்க. சோத்தை மட்டும் நீங்களாத்தான் தள்ளணும். அதான் காத்திருந்தேன்." கேரல் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். "க்ளென் அண்ணன்தான் லேட் பண்ணிட்டாரு. முதல் வாரமே சொல்லுங்கன்னு சொன்னேன். ரெண்டு வாரம் இழுத்துட்டாரு."

"க்ளென்னா?"

"நீங்க தள்ளுன கறியெல்லாம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க?"

ஓஸ்வால்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் கொழுப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வயிற்றில் இல்லை, நெஞ்சில் வலித்தது. கேரலுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். டாக்டரம்மாவிடம் மறுபடி ஏதோ கேட்டாள். டாக்டரம்மா யோசித்துத் தலையாட்டினார்.

"மத்தியானம் அரை மணி நேரம் படுக்கலாமாம். அதுக்கு மேல கூடாதாம்," என்று கேரல் மொழிபெயர்த்தாள். அந்த வேலை கைமாறிவிட்டது என்பது ஓஸ்வால்டுக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் மனம் குதித்தது. அரை மணி! மூன்று மாதம் பட்ட பாட்டுக்கு அரை மணியாவது கிடைத்ததே.

வீட்டுக்கு வந்து, அளவாகச் சாப்பிட்டு, இரண்டு மணிக்குப் படுக்கையறைக்குப் போனார். துணி இல்லை, குண்டூசி இல்லை. துவைத்த பெட்ஷீட். திரையை இழுத்துவிட்டார். ஃபேனை இரண்டில் வைத்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் பிரிந்துபோன மத்தியானத்தைக் கூப்பிட்டார்.

அது வரவில்லை.

வலது பக்கம் திரும்பினார். இடது பக்கம் திரும்பினார். குப்புறப் படுத்தார். ஒன்பதரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்து பழகிவிட்ட உடம்பு, பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று விழித்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தது. ஃபேனின் மூன்று இறக்கைகளையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. பின்வீட்டில் குழந்தை எதையோ பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் மத்தியானம் இரண்டேகாலுக்கு உலகம் எப்படி இருக்கும் என்று இந்தக் கட்டிலிலிருந்து அவர் பார்த்ததே இல்லை.

இருபது நிமிஷம் பார்த்தார். அப்புறம் எழுந்து ஹாலுக்கு வந்தார்.

தையல் மெஷின் மூடியிருந்தது. சோஃபாவில் கேரல் காலை நீட்டிப் படுத்திருந்தாள். கன்னத்துக்கு அடியில் கை, பாதி திறந்த வாய், மெல்லிய, ஒழுங்கான ஒரு குறட்டை. அவள் பகலில் தூங்கி ஓஸ்வால்ட் பார்த்ததே கிடையாது. பார்க்க அவர்தான் விழித்திருந்ததில்லை. விழித்திருந்த இந்த மூன்று மாதம் அவள் தூங்கவில்லை, காவல் இருந்தாள். கொஞ்ச நேரம் நின்றார். தாங்க முடியவில்லை.

"கேரல். ஏ கேரல். எனக்குத் தூக்கம் வரல."

கேரல் கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்கு நல்லா வருது. நாலு மணிக்கு டீ போட்டு எழுப்புங்க."